கூட்டம் குறைந்ததற்கு நீ எழுதிய காரணம்

கண்ணு,

வருகிற வெள்ளிக்கிழமை விமானம் என்று போன வாரம் போனில் சொன்னாய். ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பு, நல்ல புடவையாக ஒன்று எடுத்து வை என்றாய். நான் வரவில்லை. முட்டி வலி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். சொல்ல மனம் வரவில்லை. போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். புதூர்நாட்டில், உன் மாமா வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உங்கள் கம்பெனி போட்ட தண்டவாளம் தெரிகிறது. அதன் மேல் யாரோ சாமைத் தட்டையைக் காயப் போட்டிருக்கிறார்கள். ரயில் வராது என்பது ஆடு மாட்டுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. நீ போகிற நாட்டிலும் பழைய நீராவி ரயில்கள் ஓட்டுகிற கம்பெனிதான், அங்கேயும் சனங்கள் எதற்கு வருகிறார்கள், எதற்கு வராமல் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை என்றாய். அந்த வேலையை இந்த மலையில் நீ எப்படிச் செய்தாய் என்று எழுதி வைக்காமல் உன்னை அனுப்ப என்னால் முடியவில்லை.

முதலில் நீ மறந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். உன் அப்பா சந்தவாசல்காரர். வேறொரு மலையில் ஓடிய நீராவி ரயிலில் கரி போடுகிற வேலையில் இருந்தார். அந்த ரயிலின் பெயரை எழுத மாட்டேன், என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். உனக்கு நாலு வயதில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு தேறிய ஒரே பெண் நான், அதனால் அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு டிக்கெட் கவுன்ட்டரில் இடம் கொடுத்தார்கள். என் தம்பி கோவிந்தன், உன் மாமா, வருஷத்துக்கு இரண்டு தடவை மூன்று பஸ் மாறி வருவான். சாமையும் புளியும் ஒரு மூட்டை இருக்கும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதைக் காட்டப் போவான். காலேஜில் உன்னைச் சேர்த்த அன்று தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் அவன்தான். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்காக, முதல் நாள் முழுக்க என் பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தான். உனக்கு இது தெரியாது.

கவுன்ட்டரில் உட்கார்ந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டதை நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். கூட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. கீழே சமவெளியிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு வந்தால் எங்கள் ரயிலுக்குக் கூட்டம், அது தாமதமானால் பாதிப் பெட்டி காலி. பள்ளிக்கூட லீவு விட்ட முதல் வாரம் வர மாட்டார்கள், சொந்தக்காரர் வீடு போவார்கள், இரண்டாம் வாரம்தான் நம்மிடம் வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, "இன்னைக்கு ஸ்டீமா, டீசலா?" என்று கேட்பார்கள். டீசல் என்றால் வரிசையிலிருந்து நாலு பேர் விலகுவார்கள், மிச்சமுள்ளவர்கள் ஏமாந்த முகத்தோடு ஏறுவார்கள். தனியாக ரயிலுக்காகவே வருகிறவன் ஆயிரத்தில் ஒருவன்தான். மற்ற எல்லோரும் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார்கள். தகப்பன் பிள்ளைக்குக் காட்ட வருவான். மகள், ரிட்டயர் ஆன அப்பாவைக் கூட்டி வருவாள். புதுசாகக் கல்யாணம் ஆனவன் அவளுக்காக வருவான். கூட்டி வந்தவருடைய முகத்தில் சந்தோஷம் தெரிந்தால், கீழே போய்ப் பத்துப் பேரிடம் சொல்வார்கள். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் கேட்டு எழுதவில்லை, பொழுது போகாமல் எழுதினேன். இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. சுற்றுலாக்காரர்கள் வராத மாதங்களில் ரயிலை உயிரோடு வைத்திருந்தது உள்ளூர்க்காரர்கள்தான். காய்கறிக் கூடைக்காரிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். அவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்வரை அந்த ரயிலை யாரும் நிறுத்த முடியாது. இந்தப் பக்கத்தை நீ படித்தாய். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்தாய்.

இப்போது என் குற்றம். நீ ஏழாவது படித்த வருஷம் நீராவி இன்ஜின் பழுதுபார்க்கப் போய் மாதக்கணக்கில் வரவில்லை. டீசலை மாட்டி ஓட்டினார்கள், கூட்டம் சரிந்தது. காரணம் எழுதி அனுப்பு என்று எனக்கு மேலே இருந்தவர் கேட்டார். நான் டீசல் என்று எழுதினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இது எழுதினா இன்ஜினை ஏன் சீக்கிரம் சரி பண்ணலன்னு என்னைக் கேப்பாங்க. மழைன்னு எழுதும்மா," என்றார். அந்த வருஷம் மழையே இல்லை. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தோம். ஆனாலும் மழை என்று எழுதினேன். நீ என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். "மழை எங்கம்மா பெஞ்சுது?" என்று கேட்டாய். "அவங்களுக்கு வேணுங்கறத எழுதிட்டா நமக்கு நிம்மதிடா," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் இன்னும் மோசம். அடுத்த வருஷம், மழைக்காலத்தில் கூட்டம் இல்லை என்று என் காகிதத்தையே காட்டி, அந்த மாதங்களில் காலை வண்டியை எடுத்துவிட்டார்கள். அதில் தினமும் வந்த கூடைக்கார அம்மா ஒருத்தி ஜன்னலில் கை வைத்து நின்று, "மழைக்கு நாங்க என்னிக்கு பயந்தோம்?" என்று கேட்டாள். மேலிடத்து உத்தரவு என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

நான் ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியபோது கோவிந்தன்தான் இந்தப் பின்னறையைக் கட்டிக் கொடுத்தான். இரண்டாம் வருஷம் நீ கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினாய். மெயின் ரோட்டிலிருந்து அருவி முனைவரை, மலை மேலேயே ஒரு சின்ன நீராவி ரயில், அதுதான் உங்கள் திட்டம். எங்கோ மூடிப்போன சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்த இன்ஜினை வாங்கிச் சரிபண்ணி ஓட்டுவது. போகிற வழி முழுக்க எங்கள் ஆட்களின் பட்டா நிலம், குத்தகைக்கு வேண்டும். அன்று உன் அத்தை சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். தரையில் உட்கார்ந்து நீ சாப்பிட்டுக்கொண்டே வரைபடத்தை விரித்தாய்.

"இன்னா மாப்ள, இது என் புளியந்தோப்பு நடுவுல போவுது?" என்றான் கோவிந்தன்.

"ஆமா மாமா. சுத்திப் போனா மேடு ஜாஸ்தி, அந்த இன்ஜின் இழுக்காது."

"செரி. நாங்க அதுல ஏற முடியுமா?"

"இன்னா மாமா இப்படிக் கேக்கறீங்க? மூணு ஊர்ல நிக்கும். பலாப்பழம், புளி எல்லாம் ஏத்திக்கலாம். பிரசவம், காய்ச்சல்னா ஜீப்புக்குக் காத்துக்குனு இருக்க வேணாம். உங்களுக்குத்தான் மொத சீட்டு."

ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் யோசித்தார்கள். ஒரே ஒரு பஸ் வருகிற ஊருக்கு ரயில் எதற்கு, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நான் எழுந்து நின்றேன். "நான் ரயில்ல இருந்தவ. என் புள்ள பொய் சொல்ல மாட்டான்," என்றேன். எனக்காகத்தான் அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கோவிந்தன் கைநாட்டு வைக்கவில்லை, உனக்காகப் பழகிய அதே கையெழுத்தைப் போட்டான். அந்த வாரமே அவனுடைய புளியமரங்களை வெட்டினார்கள். அவன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான், ரம்பச் சத்தம் கேட்காதபடி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு.

முதல் கோடை நன்றாகத்தான் இருந்தது. மறுக்க மாட்டேன். "அம்மா, நீயே வந்து மொத டிக்கெட்ட குடு," என்று கூப்பிட்டாய். அந்தக் கோடையும் அதற்குப் பிந்திய மாதங்களும் நான் உங்கள் கவுன்ட்டரில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தேன், பெருமைக்காக. இன்ஜின் கொஞ்சமாகத்தான் இழுத்தது, ஆனால் உயிருள்ளது போல இருந்தது. பக்கத்தில் நின்றால் முகம் சுடும், புடவையில் கரிப்பொட்டு விழும். திருப்பத்தூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மூன்று ஊரிலும் ரயில் நின்றது. உன் அத்தை ஒரு கூடை பலாச்சுளையோடு ஏறி, அருவி முனை போவதற்குள் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு இறங்குவாள். சுற்றுலாக்காரர்கள் அவளோடு பேசிக்கொண்டே போவார்கள். கூட்டம் ஏன் வந்தது என்று கேட்டால் நான் இதையும் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் உன்னிடம் சொன்னேன். பலாப்பழ வாசனை பிடிக்கவில்லை, நின்று நின்று போவதில் நேரம் வீணாகிறது என்று ஒருவர் போனில் எதையோ எழுதிப் போட்டார் என்பதற்காக மூன்று நிறுத்தங்களையும் எடுத்தீர்கள். உள்ளூர்க்காரர்கள் ஏறுவது நின்றது. திருப்பத்தூர் பஸ் பதினொன்றரைக்குத்தான் வந்து சேரும், நீங்கள் பத்து மணிக்கு ரயிலை எடுத்துவிட்டீர்கள். பஸ்ஸில் வந்த குடும்பங்கள் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுப் போயின. மலை ஏறி வருகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று கோடையிலேயே கேட்டேன், கட்டவில்லை. பெண்கள் வேண்டாம் என்றால் அந்தக் குடும்பம் வராது, இது எந்த நோட்டிலும் எழுத வேண்டிய விஷயமில்லை. தை பிறந்தால் அருவியில் தண்ணீர் இருக்காது, போய் இறங்கும் இடத்தில் பார்க்க வேறு ஏதாவது வையுங்கள் என்றேன். "நோட் பண்ணிக்கிட்டேன்மா," என்று சொல்லிக்கொண்டே நீ போனைப் பார்த்தாய்.

கடைசியாக இன்ஜின். மழை தொடங்கியதும் பாய்லர் குழாய் ஒழுகியது. சரிசெய்ய ஆள் இல்லை என்று ஒரு டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து கறுப்பு பெயின்ட் அடித்தீர்கள். மேலே ஒரு தகரக் குழாய், அதற்குள் புகை விடுகிற மெஷின், ஸ்பீக்கரில் விசில். பலகையில் நீராவி ரயில் என்றே எழுதியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு ஏழு வயதுப் பெண் ஒருத்தி அப்பா கையை உதறிவிட்டு ஓடிப்போய் இன்ஜினில் கை வைத்தாள். "அப்பா, சுடும்னு சொன்னியே. இது சுடவே இல்ல," என்றாள். அவர் என் ஜன்னலைப் பார்த்தார். திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நாம அருவிய பாத்துட்டுப் போலாம்டா," என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். இதை நிறுத்து, ரயில் ஓடவில்லை என்று பலகை மாட்டு, ஓடாத ரயிலுக்குத் திரும்பி வருவார்கள், ஏமாற்றின ரயிலுக்கு வர மாட்டார்கள் என்றேன். "பசங்களுக்கு இன்னாம்மா தெரியப் போவுது?" என்றாய். அந்த மாதத்திலிருந்து கூட்டம் விழுந்தது. பொங்கலுக்கு முன்பே பாதிப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டீர்கள். இந்த வரிசையை நீ மறந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நிறுத்தம், பிறகு இன்ஜின், பிறகு கூட்டம். உன் அத்தை விழுந்தது இதற்கெல்லாம் பிறகு, மாசியில்.

அன்று அவள் மிச்சமிருந்த ஒரு புளியமரத்தில் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தாள். கிளை முறிந்து விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது, கால் அசையவில்லை. கயிற்றுக் கட்டிலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால், ரோடு தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் உங்கள் கேட் பூட்டியிருந்தது. இரண்டு கேட்டுக்கு ஒரே ஆளை வைத்திருந்தீர்கள், அவன் பூட்டிவிட்டு அடுத்த கேட்டுக்குப் போயிருந்தான். அவள் கத்திய கத்தலை நான் இங்கே எழுத மாட்டேன். அருவி முனையிலிருந்து ரயில் திரும்பி வருகிற நேரம். கோவிந்தன் தண்டவாளத்தின் நடுவில் போய் நின்று தலைத்துண்டை அவிழ்த்து வீசினான், கூட நாலு பேர் நின்றார்கள். ரயில் நின்றது. டிரைவர், "ஆர்டர் இல்லாம ஏத்த முடியாதுங்க," என்றான். பெட்டியில் இருந்த பத்துப் பதினைந்து பேர்தான் இறங்கி வந்து, அவளைக் கட்டிலோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். ஒரு பெண் தன் துப்பட்டாவை மடித்து அவள் தலைக்கு வைத்தாள். மெயின் ரோட்டில் இன்னொரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாள். இன்றைக்கும் கைத்தாங்கல் இல்லாமல் நடக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி வாசலில் நின்று உனக்குச் சொன்னேன். "நல்லவேளைமா, மாமா யோசிச்சாரு," என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. அதனால்தான் நீ பிறகு செய்தது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரயிலை நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த வாரம் போலீஸ்காரர் ஒருவர் வந்து கோவிந்தனையும் அந்த நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரயிலை மறித்தது, பயணிகளை மிரட்டியது என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. ரயிலிலிருந்து யாரோ எடுத்த வீடியோ ஒன்று, அவன் துண்டை வீசி நிற்பது மட்டும். அத்தையைத் தூக்கியது அதில் இல்லை. கூடவே உன் அறிக்கை. எங்கள் வக்கீல் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். வருகை குறைந்ததற்குக் காரணம்: உள்ளூர் மக்கள் ரயிலை மறித்துப் பயணிகளிடையே அச்சத்தை ஏற்படுத்தியது. அவ்வளவுதான். நிறுத்தம் இல்லை, இன்ஜின் இல்லை, பஸ் நேரம் இல்லை, கழிப்பறை இல்லை. குத்தகை முடிந்தால் தண்டவாளத்தைப் பெயர்த்து நிலத்தைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஊர்க்காரர்களே ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்றால் அது வேண்டியதில்லையாம். அதற்காகத்தான் உன் வரி அவர்களுக்குத் தேவைப்பட்டது என்று வக்கீல் சொன்னார். உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

கோவிந்தன் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். நீ கொடுத்த அறிக்கை நகலின் கடைசித் தாளில் விரலை வைத்து, "அக்கா, இது நம்ம பையன் கையெழுத்துதானே?" என்றான்.

"ஆமாடா."

"வேற யார்னா அவன் பேர்ல போட்டிருப்பாங்களா?"

"இல்லடா."

அவன் தாளை மடித்து என்னிடமே கொடுத்தான். பிறகு போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல். "ம்மா, அது ஒரு வரிமா. காரணம்னு ஒண்ணு எழுதித்தான் ஆவணும். நான் எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான், என் வேல போவும். மாமாவுக்கு ஒண்ணும் ஆவாது, பைன் கட்டிட்டு வந்துடலாம்." நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. "நீ மழைன்னு எழுதலயாம்மா?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட அதே குரலில்தான் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேசியபோதெல்லாம் சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்பதோடு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். அப்படியே நிறுத்திக்கொண்டு உன்னை விமானம் ஏற்றிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

மறுநாள் என் துணிமணியை மூட்டை கட்டினேன். போளூரில் தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. கோவிந்தன் வாசலில் வந்து நின்றான். "இன்னாத்துக்கு வூட்ட வுட்டுப் போற? நீயா எழுதுன?" என்றான். இல்லை என்று தலையாட்டினால் போதும், அவன் என்னை விட்டிருப்பான். மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்து, அந்த மழையைப் பற்றி, கூடைக்காரியைப் பற்றி, உனக்கு நான் சொன்ன பதிலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் படுத்திருந்த உன் அத்தையும் கேட்டாள். அவன், பரவாயில்லை அக்கா என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அப்ப அத விசாரணைல வந்து சொல்லு," என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. என் தட்டில் சோறு குறைவதும் இல்லை. இதில் எது எனக்குப் பெரிய தண்டனை என்று நீ யோசித்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை இவ்வளவு எழுதிய பிறகு நீயே கண்டுபிடித்திருப்பாய். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தொழில் தெரிந்தவளாக. போகிற ஊரிலும் கூட்டம் குறையும். எந்த ரயிலுக்கும் ஒருநாள் குறையும். அப்போது உன்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள். உண்மைக் காரணம் எப்போதும் உன்னைக் கேட்கிறவருடைய மேஜையிலேயேதான் இருக்கும், அதனால்தான் அவருக்கு வேறு காரணம் தேவைப்படுகிறது. அவருக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தால், யாரோ முகம் தெரியாதவர்களின் வண்டி நின்றுபோகும், உனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் வந்தது, உன்னைப் படிக்க வைத்தேன். நீ உன் அம்மாவைவிடக் கெட்டவன் இல்லை. எனக்குக் கிடைத்தது பெயர்கூடத் தெரியாத ஒரு கூடைக்காரி, உனக்குக் கிடைத்தது உன்னைத் தோளில் தூக்கியவன். அந்த வித்தியாசத்தைப் பார்த்தும் உன் கை நிற்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்று காலை விசாரணை அதிகாரி முன்னால் போனேன். கோவிந்தன்தான் ஜீப்பில் முன்சீட்டைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். இந்தக் கடிதத்தின் நகலைத்தான் என் வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பத்தியும் அடுத்து வருவதும் தவிர எல்லாம் அதில் இருக்கிறது. இனி இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் புதுக் கம்பெனியும் ஒருநாள் படிக்கலாம், அதனால் உன் வேலைக்குக் கேடு வரலாம். அதை யோசித்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் கொடுத்தேன். நீ வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இங்கே வந்து, அந்த வரி என் வரி, அது பொய் என்று சொன்னால் வழக்கு அதோடு முடியும் என்கிறார் வக்கீல். வராவிட்டாலும் வழக்கு நடக்கும், நான் எல்லா வாய்தாவுக்கும் போவேன். வா என்று கெஞ்ச மாட்டேன்.

அதிகாரி சின்ன வயசுப் பெண், உன் வயதுதான் இருக்கும். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு, "சொந்தப் புள்ள மேலயே எழுதிக் குடுக்கறீங்களேம்மா, வூட்ல யார்னா சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. அவனுக்கு நான் சொல்லிக் குடுத்ததத்தான் எழுதியிருக்கறேன்," என்றேன். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். எதிர்த் தரப்பு அறிக்கையில் கையெழுத்திட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகன்' என்று எழுதினேன். மசி காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோவிந்தன் வந்து, "போலாங்க்கா," என்று கையைப் பிடித்து எழுப்பினான்.

அம்மா